கருப்பனுக்கு வாங்கிய தீவனம்

எங்கள் தோட்டத்து நாய் கருப்பன் எட்டு வருடமாக மோர்ச்சோறு தின்று வளர்ந்தவன். வேலந்தாவளம் சந்தைக்குப் போனபோது, பளபளவென்று நாய்ப் படம் போட்ட தீவனப் பையை வாங்கி வந்தேன். அன்றைக்கே சோற்றை நிறுத்திவிட்டு, தட்டு நிறைய அதையே வைத்தேன்.

மறுநாள் வாந்தியும் பேதியும். நல்லது செய்யப் போய் இந்த வம்பா என்று எரிச்சலாக வந்தது. பழகட்டும் என்று மறுபடியும் அதையே வைத்தேன். மூன்றாம் நாள் அவன் எழவில்லை. கூப்பிட்டால் வால் மட்டும் அசைந்தது.

மாட்டு ஆஸ்பத்திரி டாக்டரம்மாவைக் கூட்டி வந்தேன். "கலப்படச் சரக்குங்க" என்று கடைக்காரனைத் திட்டினேன்.

அவர் ஊசி போட்டுக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க, மாட்டுக்குப் புதுத் தீவனம் எப்படி மாத்துவீங்க?"

"பழசுல கொஞ்சங் கொஞ்சமாக் கலந்து, பத்து நாள் ஆகுமுங்க. ஒரேயடியா மாத்துனா வயிறு கெட்டுருமுங்க" என்றேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

என் மனைவி விடவில்லை. "கருப்பன் பால் கறக்கறதில்லீங்களே. அதான் ரோசனை வரலை."

நான்கு நாளில் கருப்பன் எழுந்து நடந்தான். இப்போது மோர்ச்சோற்றில் அந்தத் தீவனத்தை ஒரு பிடிதான் கலக்கிறேன். தட்டை வைத்ததும், என்னை நம்பி உடனே வாய் வைக்கிறான். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.