போன வாரம் செத்தவர்

சரியாக நாலு பத்துக்கு, போன வாரம் விஷம் குடித்துச் செத்தவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

தொண்ணூறுகளில், ஞாயிறு சாயங்காலங்களில் எங்கள் சரவணம்பட்டி வீட்டு டிவியில் ஓடிய பழைய பிரிட்டிஷ் தொடர் அது. வாரம் ஒரு மர்மக் கதை, கடைசி நிமிடத்தில் ஒரு திருப்பம். கதை அன்றோடு முடிந்துவிடும், நடிகர்கள் மட்டும் வேறு வேடத்தில் திரும்பி வருவார்கள் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. நாங்கள் அறிந்த தொடர்களில் ஒரே குடும்பம் இரண்டு வருடம் அழும். அதனால் வாராவாரம் வருகிற வெள்ளைக்காரர்களை எல்லாம் சின்ன மாமனார், கொழுந்தியாள் என்று முறை சொல்லி ஒரே குடும்பமாகக் கோத்துக்கொண்டு வந்தேன்.

நான் ஐந்தாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். அந்த உச்சரிப்பில் பத்துக்கு இரண்டு சொல் பிடிபடும். மிச்சம் என் கைச்சரக்கு. கேட்பவர்கள் அம்மாவும், அம்மா ‘நங்கையா’ என்று அழைக்கும் அப்பாவின் அக்காவான அத்தையும். ஆறாம் வகுப்புக்கு என்னைப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கு மாற்றிவிட வேண்டும் என்று அத்தை ஒற்றைக் காலில் நின்றார். அவர் சொன்னால் அப்பாவிடம் மறுபேச்சு இல்லை. இங்கிலீஷ் மீடியம் வீணில்லை என்று காட்ட அம்மாவுக்கு இருந்த ஒரே சாட்சி, நான் சொல்லும் இந்தக் கதைதான்.

“ஏனம்மணி, இவன் செத்துப்போனானல்லோ?” என்று என்னிடம் கேட்டார் அத்தை.

“சாகலீங்கத்தே. செத்தாப்பல நடிச்சாருங்க.”

“அப்ப இந்தப் பொம்பள ஆரு?”

“ரெண்டாவது சம்சாரமுங்க.”

அந்த நேரம் பார்த்து அவள் அவரை “டாடி” என்று கூப்பிட்டாள். அத்தைக்குத் தெரிந்த நாலைந்து ஆங்கிலச் சொற்களில் அதுவும் ஒன்று.

கடலைக்காய்த் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அம்மா பக்கம் திரும்பினார். “படிச்ச லட்சணம் தெரிஞ்சுபோச்சு. உன்ற தம்பி வாத்தியாரு வாரானல்லோ, அவங்கிட்டயே கேட்டுப்போடலாம்.”

“செரிங்க நங்கையா,” என்றாள் அம்மா. குரலே எழவில்லை. இன்று என் மகள் பள்ளி மேடை ஏறும்போதெல்லாம் அந்தக் குரல்தான் எனக்குக் கேட்கிறது.

நாலரைக்கு மேட்டுப்பாளையம் பஸ்ஸில் மாமா வந்து இறங்கினார். ஆங்கில வாத்தியார். பொய் சொன்ன பையன்களை வெயிலில் நிறுத்துகிறவர். அத்தை நான் சொன்னதை ஒன்று விடாமல் ஒப்பித்தார், டாடி உட்பட. மாமா கையிலிருந்த காய்கறிப் பையைக் கீழே வைக்காமலே டிவியைப் பார்த்தார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

நான் கடைசிவரை அதே பள்ளியில்தான் படித்தேன். போன வாரக் கதையைப் பார்க்காத மாமாவுக்கு எப்படித் தெரியும் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை. என் ஆங்கிலத்தை நினைத்து எனக்கே மலைப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

மாமா அத்தை பக்கம் திரும்பினார்.

“கண்ணு சொன்னது அத்தனையும் செரிதானுங்கக்கா. அந்த ஊர்ல புருசனச் செல்லமா டாடின்னுதான் கூப்புடுவாங்க. இது புரியறதுக்கு நானெல்லாம் பி.ஏ. முடிக்க வேண்டியிருந்துச்சுங்க.”