பெல்ஃபாஸ்ட்டில் இரு பக்கமும் சரி சொன்ன ஆரோக்கியமேரி அக்கா

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வார்டில் ஒரு நோயாளிக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். சூலூரிலிருந்து ஆரோக்கியமேரி அக்காவின் தம்பி அந்தோணி அண்ணன் அழைத்தார். "ஏனுங்க சுமதி, அக்கா போயிருச்சுங்க" என்றார்.  வெள்ளிக்கிழமை அக்காவின் மகள் வந்து இறங்குவதாக இருந்தது. இன்னும் மூன்று நாள் பொறுத்திருக்கக் கூடாதா என்று இறந்தவர் மீதே எனக்குக் கோபம் வந்தது. அது இன்னும் தணியவில்லை.

ஆரோக்கியமேரி அக்கா கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எனக்கு மூத்த செவிலியர். கணவரை இழந்து, மகள் பெனிட்டாவைக் கைக்குழந்தையாகத் தம்பி அந்தோணி வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வந்தவர். அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய 'சரிங்க' நினைவிருக்கும். ஒரே ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று பேர் டூட்டி மாற்றிக் கேட்டால் மூன்று பேருக்கும் சரி சொல்லிவிடுவார். பிறகு யாருக்கும் தெரியாமல் சூப்பர்வைசரிடம் போய்க் கெஞ்சிக்கொண்டு நிற்பார். நான் திட்டினால், "மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு எப்படி கண்ணு சொல்றது?" என்பார். எங்கள் பக்கத்தில் இது பெரிய குற்றமில்லை. இங்கே சரிங்க என்றால் அது பாதி மரியாதை என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவதில்லை.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் இருவரும் பெல்ஃபாஸ்ட் நகரத்து மருத்துவமனை ஒன்றுக்கு வேலைக்குப் போனோம். அயர்லாந்து ஒரே தீவுதான். தெற்கே தனி நாடு, வடக்கே பிரிட்டனின் ஆட்சி. பெல்ஃபாஸ்ட் வடக்கில் இருக்கிறது. இரண்டும் ஒன்றாகச் சேர வேண்டும் என்று அங்கே பாதிப் பேர், பிரிட்டனோடுதான் இருப்போம் என்று மீதிப் பேர். தெருவுக்குத் தெரு கட்சி மாறும். பறக்கும் கொடியைப் பார்த்துத்தான் எந்தத் தெருவில் என்ன பேசலாம் என்று நான் கற்றுக்கொண்டேன். அக்கா அதையும் கற்றுக்கொள்ளவில்லை. மருத்துவமனைக்குப் பக்கம், வாடகை குறைவு என்று பிரிட்டன் கட்சித் தெருவில் வீடு எடுத்தார். அடுத்த ஆண்டு நான்கு வயதுப் பெனிட்டாவை வரவழைத்து, கத்தோலிக்கப் பள்ளியில் சேர்த்தார். அந்தப் பள்ளியில் ஏறக்குறைய எல்லாருமே சேர வேண்டும் என்கிற கட்சி.

ஆறு ஆண்டுகளில் எனக்கு அந்தக் குளிர் போதும் போதும் என்றாகி ஊர் திரும்பிவிட்டேன். அக்கா இருந்துவிட்டார். பக்கத்து வீட்டு மார்கரெட் என்ற அம்மாள்தான் பெனிட்டாவைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவார், சூப் வைத்துக் கொடுப்பார். பெனிட்டா வளர வளர, தன்னை ஐரிஷ்காரி என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தாள். அங்கேயே பிறந்தவர்கள் ஐரிஷ், பிரிட்டிஷ் எந்தப் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொள்ளலாம். இவள் பிறந்தது சூலூர். அம்மாவோடு சேர்ந்து இவளுக்குக் கிடைத்தது பிரிட்டிஷ் பாஸ்போர்ட் மட்டும். "என்ற பிரெண்ட்ஸ் எல்லாத்துக்கும் ஐரிஷ். எனக்கு மட்டும் ஏம்மா ராணி முத்திரை?" என்று அழுதாளாம். "மாத்திக்கலாம் கண்ணு" என்றாராம் அக்கா. எப்படி என்று அவருக்கும் தெரியாது.

பிரிட்டன் ஐரோப்பாவை விட்டு விலகுவது என்று முடிவானபின், தீவு ஒன்றாகச் சேரும் பேச்சு சூடு பிடித்தது. பெனிட்டாவுக்கு அப்போது பதினேழு வயது. இணைப்புக்கு வாக்கெடுப்பு வேண்டும் என்று அவள் தோழியின் அப்பா கையெழுத்து வாங்க வந்தார். அக்கா சரி என்று போட்டுக்கொடுத்தார். மகள் அன்று அம்மாவைக் கட்டிக்கொண்டாளாம். அதே கோடையில் மார்கரெட் வந்தார். தெருவில் எல்லா வீட்டிலும் பிரிட்டன் கொடி ஏறியாயிற்று, உன் வீடு மட்டும் பல் விழுந்த மாதிரி இருக்கிறது, பையன்கள் வந்து கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். அதற்கும் சரி.

அக்கா போனில் என்னிடம் சொன்னது இது: "பத்து வருசமா அந்தம்மா பாப்பாவக் கூட்டியாந்துச்சு கண்ணு. ஒரு துணி கட்டிக்கறேன்னு கேட்டா வேண்டாம்னா சொல்றது?"

அந்தத் துணியை வீட்டோடு சேர்த்து யாரோ படம் எடுத்துப் பள்ளி முழுக்க அனுப்பிவிட்டார்கள். பெனிட்டா சண்டை போடவில்லை. "நீ எந்தப் பக்கம்மா?" என்று மட்டும் கேட்டாளாம். "உம்பக்கந்தான் கண்ணு" என்றார் அக்கா. "மார்கரெட்டுக்கும் இதத்தான சொன்ன?" என்றாளாம் மகள். பள்ளி முடிந்ததும் தெற்கே டப்ளினுக்குப் படிக்கப் போனாள், அங்கேயே வேலையும் தேடிக்கொண்டாள். ரயிலில் இரண்டு மணி நேரத் தூரம். ஆனால் கிறிஸ்துமஸுக்குக்கூட வரவில்லை. வாரம் ஒருமுறை போன், அதிலும் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதோடு சரி.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு சிறுநீரகம் பழுதாகி அக்கா சூலூருக்கே வந்துவிட்டார். லீவு கிடைக்கும்போதெல்லாம் பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பேன். போன மாதம் நான் கேட்டேவிட்டேன்: "அக்கா, நெசமாவே ஓட்டு வந்திருந்தா எதுக்குப் போட்டிருப்பீங்க?"

வழக்கம்போலச் சிரித்து மழுப்புவார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"சேரட்டும்னுதான் போட்டிருப்பேன் கண்ணு. மார்கரெட்டு நல்ல மனுசிதான். ஆனா அந்தக் கொடி கட்டுன நாள்லருந்து நா அந்த வாசல்ல தலை நிமிந்து நடக்கல. பாப்பா கேக்கறது நாயம். அத நா அன்னைக்கே சொல்லியிருக்கோணும். வேண்டாமுங்கன்னு ஒரு வார்த்தை. பயந்துபோட்டேன்."

"இப்பவே போன் போட்டுச் சொல்லுங்க" என்று அவர் கையில் போனைத் திணித்தேன். திருப்பிக் கொடுத்துவிட்டார். "இதெல்லாம் போன்ல சொல்ற சமாச்சாரமா? டிக்கெட் போட்டிருக்கறா. வரட்டும், நேர்ல சொல்லிக்கறேன்" என்றார். நல்லது கெட்டது எதுவானாலும் நேரில் போய்ச் சொல்வதுதான் எங்கள் ஊர் முறை. அந்த முறையில் தீயை வைக்க. நானாவது அன்றே பெனிட்டாவை அழைத்துச் சொல்லியிருக்கலாம். அக்காவின் வாயால் வரட்டும் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்து வியாழக்கிழமை அடக்கம் செய்தோம். டிக்கெட்டை மாற்றிக்கொண்டு பெனிட்டா வந்து சேர்ந்துவிட்டாள். அழவில்லை. ஜெபம் முடிந்து கூட்டம் கலைந்ததும் அவளைத் தனியே அழைத்து, அம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். தலை குனிந்து முழுவதும் கேட்டாள்.

"தேங்க்ஸுங்க ஆன்ட்டி" என்றாள். பிறகு, "நீங்க கேட்டீங்க, உங்களுக்குப் புடிச்ச மாதிரி சொல்லியிருக்காங்க. மார்கரெட் வந்து கேட்டிருந்தா என்னங்க சொல்லியிருப்பாங்க?" என்றாள்.

இல்லை கண்ணு, இது நிஜம், நான் அவர் முகத்தைப் பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் அக்கா எனக்கும் ஒரு நாளும் இல்லை என்று சொன்னதில்லை.

அந்தோணி மாமா கூப்பிட, அவள் காருக்குப் போய்விட்டாள். ஈரம் காயாத மண்மேட்டில் சம்பங்கி மாலை சரிந்து கிடந்தது. எடுத்துச் சரியாக வைத்தேன். "பாப்பாகிட்டச் சொல்லீட்டனுங்க அக்கா. அவ நம்பலீங்க" என்றேன்.