சித்தப்பா எழுதிய உயில்

பதிவு அலுவலகத்தில் பெயர் கூப்பிடக் காத்திருந்தபோது, சித்தி தலையிலிருந்த மல்லிகைச் சரத்தை மெல்லக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சுற்றிலும் இருந்த ஜோடிகளெல்லாம் இளவட்டங்கள். அவர்களுக்கு நடுவில் ஐம்பத்தெட்டு வயதில் பூ வைத்துக்கொண்டு உட்கார அவருக்குக் கூச்சம். சித்தப்பாவுக்கு அதெல்லாம் இல்லை. நீளக்கை பாத்திக் சட்டை போட்டு, ஊன்றுகோலை முழங்கால்களுக்கு இடையில் நிறுத்தி, புதுமாப்பிள்ளை தோரணையில் இருந்தார். அவர்களைக் கூட்டிப் போனவள் நான். சாட்சிக் கையெழுத்துப் போட்டவளும் நான்தான். அன்றைக்கு அதில் எனக்கு அவ்வளவு பெருமை.

சித்தப்பா பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் லாரி ஓட்டியவர். முதல் மனைவி இரண்டு பையன்களை விட்டுவிட்டு இறந்த பிறகு, அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டிய சித்திக்கு மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினார். தோட்டமே வந்து சாப்பிட்டுப் போன கல்யாணம். அதை எங்காவது போய்ப் பதிய வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் குடும்பங்களில் அப்போது பல கல்யாணங்கள் அப்படித்தான் நடந்தன. சித்திக்குப் பிள்ளை பிறக்கவில்லை. பையன்களை அவர்தான் வளர்த்தார். வளர்ந்ததும் அவர்கள் ஜொகூர் பக்கம் வேலைக்குப் போய்விட்டார்கள். தோட்டம் கைமாறி ஆட்களை அனுப்பியபோது, கிடைத்த நஷ்டஈட்டில் சித்தப்பா பீடோங்கில் சின்னதாக ஒரு தரைவீடு வாங்கினார்.

நான் அந்த ஊரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் கிராணியாக எழுத்துவேலை பார்த்தேன். ஒருநாள் சித்தப்பா என்னைத் தேடி அங்கேயே வந்துவிட்டார். வீட்டில் வைத்துப் பேசினால் சித்தி அழுதுவிடுவார் என்றார்.

“எனக்குப் பொறவு அவள யாரும் வெளிய போன்னு சொல்லக் கூடாதும்மா. அதுக்கு என்ன எழுதணுமோ எழுது.”

வக்கீல் சொல்லச் சொல்ல உயிலைத் தட்டச்சு செய்தது நான். வீடு முழுவதும் சித்திக்கு. பெயர், ஐசி அட்டை எண் எல்லாம் தெளிவாக இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்த சித்தப்பா எனக்குத் தே தாரே டீ வாங்கிக் கொடுத்தார். மனசு லேசாகிவிட்டது என்று இரண்டு தடவை சொன்னார்.

நான்கைந்து வருடம் கழித்து, சர்க்கரை நோயில் சித்தப்பாவின் கால்விரல்களை எடுக்க வேண்டி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து சித்தி எனக்குப் போன் செய்தார்.

“கல்யாணம் பதிஞ்ச சிஜில் இருக்கான்னு கேக்குறாங்கம்மா. கழுத்துல கெடக்குறதக் காட்டுனா போதாதாம்லா.”

கடைசியில் பெரிய மகன் ஜொகூரிலிருந்து வந்துதான் ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்துப் போட்டான். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் வாழ்ந்தவளுக்கு ஒரு தாளில் இடமில்லையா என்று குதித்தேன். சித்தப்பா நடக்கத் தொடங்கியதும் விண்ணப்பப் பாரங்களை நானே நிரப்பி, அவர்களைப் பதிவு அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். என் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதில் கேட்க என்ன இருக்கிறது என்ற எண்ணம்.

அடுத்த வருடமே சித்தப்பா போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து உயிலைத் திறந்தபோது, வக்கீல் திருமணச் சான்றிதழின் தேதியைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். உயில் எழுதியவர் அதற்குப் பின் திருமணம் செய்தால் அந்த உயில் ரத்து. இது எனக்குத் தெரியாத சட்டமில்லை. உயில் எழுத வரும் எத்தனையோ பேரிடம் அதை நானே தமிழில் சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஆனால் பதிவு அலுவலகத்தில் நடந்ததை நான் கல்யாணமாகவே நினைக்கவில்லை. எனக்கு அவர்கள் கோயிலில் தாலி கட்டிய அன்றே புருஷன் பொண்டாட்டி. இது வெறும் பதிவு, ஒரு கையெழுத்து. சட்டத்துக்கோ அந்தக் கையெழுத்துதான் கல்யாணம். சும்மா இருந்திருந்தால் வீடு சித்தியுடையது. நான் போய் அவரைச் சட்டப்படி மனைவியாக்கினேன், வீடு போனது.

உயில் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் பிள்ளைகளுக்கு. சட்டப்படி வருவதைத்தான் கேட்கிறோம் என்றான் பெரியவன். அதில் குற்றம் சொல்ல முடியவில்லை. வக்கீல் அவனுக்கு ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தபோது, சித்தி மேசையின் ஓரத்தில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தார். உயில் செல்லாது என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது. திரும்பி வரும்போது காரில் என்னிடம் கேட்டார்.

“அவரு பொறவு வந்து மாத்தி எழுதிட்டாராம்மா?”

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி என்னிடம்தான் வரும். நான் பாதையைப் பார்த்து வண்டியை ஓட்டினேன். என் மௌனத்தை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் விட்டுவிட்டேன். கோழைத்தனத்துக்கு வேறு பெயர் வைக்க எனக்கு இஷ்டமில்லை.

வீடு விற்கப்பட்டது. கையில் வந்த மூன்றிலொரு பங்கோடு சித்தி லூனாஸில் தங்கை மகள் வீட்டின் பின்னறைக்குப் போனார், தொழிற்சாலை கேன்டீனில் பாத்திரம் கழுவினார். தீபாவளிக்குத் தீபாவளி போய்ப் பார்த்து, பையில் எதையாவது திணித்துவிட்டு வருவேன். சித்தப்பா பேச்சை எடுத்தால் அவர் எழுந்துபோய்விடுவார். ஆறு வருடம் அப்படியே ஓடியது. இந்த வருடம் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள், இனியும் தாங்காது என்று லூனாஸுக்குப் போனேன். அவர் அறை வாசலில் நின்றபடியே, உயில், பதிவு, காரில் நான் வாய் திறக்காதது என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

“அப்ப அவரு மாத்தல.”

“மாத்தல சித்தி. நான்தான்.”

சித்தி கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: “வீட்ட விடும்மா. ஆறு வருசம் அவருக்கு ஒரு தெவசம் குடுக்கல நான். ஒரு வெளக்கு ஏத்தல. கட்டையில போறவன்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டே இருந்தேன்.”

எழுந்து அலமாரியைத் திறந்தார். மடித்த சேலைகளுக்கு அடியில் கவிழ்த்து வைத்திருந்த சித்தப்பாவின் படத்தை எடுத்து, முந்தானையால் துடைத்தார். மன்னிச்சிருங்க என்று அந்தப் படத்திடம் சொன்னார். மன்னிப்புக் கேட்க வேண்டிய நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.