வகுப்புக்கு விரல் கொடுத்தவர்

பள்ளிக்கூடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தவளை மாமா என்பார்கள். முன்பெல்லாம் பிள்ளைகள் அறுத்துப் பார்க்கத் தவளை வேண்டுமென்றால், தண்ணீர் தேங்கிய பள்ளங்களில் இறங்கி, பை நிறையப் பிடித்துக்கொண்டு வருவார். தவளை அறுப்பது நின்று எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. பெயர் மட்டும் நிற்கவில்லை. அவர் உயிரியல் ஆய்வகத்தின் உதவியாளர். நான் அதே மாடியைக் கூட்டித் துடைக்கிறவள். இருபத்திரண்டு வருடம் ஒரே குழாயடியில் வேலை பார்த்தோம். என்னைத் தங்கச்சி என்பார்.

அவர் போய் ஐந்து மாதம் ஆகிறது. அவரைக் கொண்டுபோன நோய் இரண்டு வருடம் எங்கள் கண் முன்னால், ஒரு கண்ணாடித் துண்டின் மேல் இருந்தது. நாங்கள் பார்த்தோம். பார்த்துவிட்டுக் கழுவினோம்.

ஆய்வகம் என்றால் நீளமான ஓர் அறை. கறுப்புக் கல் மேஜைகள். அலமாரி ஜாடிகளில் வெளுத்துப்போன பாம்பு, மீன், பிறக்காத ஆட்டுக்குட்டி. மூலையில் ஓர் எலும்புக்கூடு. அதற்கு ஒரு கை கிடையாது. புதிதாக வரும் பிள்ளைகளிடம், "பேச்சு கேக்கலைன்னு பழைய ஹெட்மாஸ்டர் பிடுங்கிட்டாரு" என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்லுவார்.

வகுப்பு தொடங்குவதற்கு முன்பே வெங்காயத்தை வெட்டி, அதன் உள்சவ்வை உரித்து வைத்திருப்பார். இலையை ஸ்பிரிட்டில் வேகவைத்துப் பச்சையை இறக்கி வைத்திருப்பார். எட்டாவதோடு நின்றவர்தான். ஆனால் வருடா வருடம் பின்வரிசையில் நின்று பாடமெல்லாம் காதாலேயே படித்துவிட்டார். டீச்சர் ஏதாவது ஒரு வார்த்தைக்குத் தடுமாறினால் முதலில் மெல்ல இருமுவார், பிறகு எடுத்துக் கொடுப்பார். டீச்சர் கெட்டிக்காரி, நல்ல மனசு. நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் கரையேற்றியவர். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ரத்தத்தைப் பற்றிய பாடத்துக்கு ரத்தம் வேண்டும். பிள்ளைகளே விரலைக் குத்திக்கொள்வதுதான் வழக்கமாக இருந்தது. ஒரு தடவை ஒரு பெண் மயங்கி விழ, அவளுடைய அப்பா ஆபீஸில் வந்து மேஜையைத் தட்டினார். இனி எந்தப் பிள்ளை மேலும் ஊசி படக்கூடாது என்று உத்தரவு வந்தது. டீச்சர் கையைப் பிசைந்தபோது இவர்தான் விரலை நீட்டினார்.

"இந்தாங்க டீச்சர். இது சும்மாதானே இருக்கு."

அன்றிலிருந்து பதினோரு வருடம், நான்கு வகுப்புக்கும் அவர் விரல்தான். ஒரு சொட்டைக் கண்ணாடியின் ஓரத்தில் விடுவார். இன்னொரு கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, தோசை இழுக்கிற மாதிரி இல்லை, அதைவிட மெல்லிசாக, ஒரே தள்ளு. காய்ந்ததும் சாயம் ஊற்றி, எண்ணிக் காத்திருந்து, தண்ணீரில் அலசுவார். நுண்ணோக்கியில் பார்த்தால் இளஞ்சிவப்பு வட்டங்கள் பரவிக் கிடக்கும். நடுவில் எங்கேயோ ஒன்றிரண்டு, ஊதாப் புள்ளி வைத்த வெள்ளை அணு. அதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் பிள்ளைகளுக்கு விளையாட்டு. முடிந்ததும் கண்ணாடிகளை நான் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்துக் கொடுப்பேன். புதிது கேட்டால் ஆபீஸில் முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள்.

கிட்டத்தட்ட மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் டீச்சர் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவர், சட்டென்று நிமிர்ந்தார்.

"என்ன மாமா, சாயத்தை அலசவே இல்லையா? எங்க பாத்தாலும் ஊதாவா இருக்கு."

"தப்பு என் மேலதான் டீச்சர்" என்று அடுத்த விரலைக் குத்தினார். அதுவும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. சாயம் பழசு என்று புதுப் புட்டி வாங்கினார்கள். அப்போதும் மாறவில்லை. பாடத்தை முடிக்கவேண்டிய அவசரம் டீச்சருக்கு. "கண்ணாடியைப் பாக்காதீங்க. புத்தகத்தைப் பாத்து வரைங்க" என்றார். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

அடுத்த வருடமும் அதே கதை. தவளைக்கு வயசாயிடுச்சு, கை நடுங்குது என்று பேச்சு பரவியது. அவர் கை நடுங்கவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் அவரே அதை நம்பத் தொடங்கிவிட்டார்.

"முப்பது வருஷம் பண்ண கை, தங்கச்சி. இப்ப எங்க தப்புதுன்னே தெரியலை."

கெட்டுப்போன கண்ணாடிகளை என்னிடம் நீட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிள்ளைகள் கண்ணில் படுவதற்கு முன்னால் நானும் பரபரவென்று தேய்த்துவிடுவேன். அவர் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நினைப்பு.

அதற்குள் ஆள் இளைத்திருந்தார். தோள் எலும்பு சட்டைக்கு மேல் தெரிந்தது. வயிறு மட்டும் இடது பக்கமாக மேடிட்டு நின்றது. "சாப்பிடறது குருவி மாதிரி, தொப்பை மட்டும் பானை மாதிரி" என்று காவல்காரர் கிண்டல் செய்வார். "எல்லாம் உங்க கண்ணு பட்டதுதான்" என்பார் இவர். முழங்கையில் எங்கேயோ இடித்துக்கொண்ட நீலம் மாதக்கணக்கில் ஆறவில்லை. வாயுத் தொல்லை என்று ஒரு மருந்து குடித்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த வருடம், மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண் தான் பார்த்ததை அப்படியே வரைந்துவிட்டாள். தாள் முழுக்க ஊதா. டீச்சர் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"வெள்ளை அணுவா இது? திராட்சைத் தோட்டமா?"

வகுப்பே சிரித்தது.

"நான் பாத்ததைத்தானே வரைஞ்சேன் டீச்சர்."

"நீ பாத்தது தப்பு. போய் உக்காரு."

அந்தப் பெண் உட்கார்ந்தாள். ஆனால் விடவில்லை. மறுநாள் மதிய இடைவேளையில் ஆய்வகத்துக்கு வந்தாள். நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, அதே சாயம், அதே கண்ணாடி. ரத்தம் மட்டும் என்னோடது. பண்ணித் தாங்களேன்."

"உங்கப்பா வந்து என் கழுத்தைப் பிடிக்கவா?"

"எங்கப்பா வெளியூர்ல இருக்காரு. அவரு வரதுக்குள்ள காயம் ஆறிடும்."

கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அவளே குத்திக்கொண்டாள். அவர் இழுத்தார், சாயம் ஊற்றினார், அலசினார். பக்கத்திலேயே தன் ரத்தத்திலும் ஒன்று செய்துவைத்தார். முதலில் அவளுடையதைப் பார்த்தார். புத்தகப் படம் மாதிரியே இருந்ததாம். நிமிர்ந்தவர் முகம் பூரித்துப்போயிருந்தது. அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

"தங்கச்சி! என் கை தப்பலை. பாரு, கை தப்பவே இல்லை!"

சொல்லிக்கொண்டே தன்னுடைய கண்ணாடியை மாற்றி வைத்துப் பார்த்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். சாயம் சரி, கண்ணாடி சரி, கை சரி என்றால் மிச்சம் என்ன இருக்கிறது என்று எனக்குத்தான் புரியவில்லை. பாடமெல்லாம் கேட்டவர், அவருக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கும் புரிந்திருக்கவேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாப் படிப்பே நீ" என்றார் அவளிடம். "வகுப்புக்குப் போ. மணி அடிச்சிடும்."

விஷயம் தெரிந்ததும் டீச்சரே அவரை ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ரத்தப் புற்றுநோய் என்றார்கள். நாங்கள் சாயம் என்று நினைத்த ஊதாவெல்லாம் அளவில்லாமல் பெருகிப்போன வெள்ளை அணுக்களாம். மெதுவாக வளர்கிற வகையாம். தொடக்கத்தில் தெரிந்திருந்தால் தினம் ஒரு மாத்திரையில் வருடக்கணக்காக அடக்கி வைத்திருக்கலாமாம். இப்போது அது கட்டு மீறிவிட்டதாம்.

நான் பார்க்கப் போனபோது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"பழைய கண்ணாடி ஏதாவது கிடக்குதா தங்கச்சி? எப்ப ஆரம்பிச்சதுன்னு டாக்டர் கேக்குறாரு."

"கழுவிட்டேன் அண்ணே."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். "நீ என்னைக்கு எதை அரைகுறையா செஞ்சிருக்கே" என்றார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வெளியே வந்து சுவரில் நெற்றியை வைத்து, ஆண்டவனே, என் கையை வாங்கிக்கொள், அவரை விட்டுவிடு என்று வேண்டினேன். அவன் எந்தக் கணக்கில் எதைக் கேட்கிறான் என்பது நமக்குத் தெரியுமா?

டீச்சர் அலமாரியைத் திறந்து இரண்டு வருட நோட்டுகளையும் இறக்கினார். நாளோ தேதியோ கிடைக்குமா என்று தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லா நோட்டிலும் ஒரே படம். இளஞ்சிவப்பு வட்டங்கள், நடுவில் அழகாக ஒன்றிரண்டு ஊதா. கீழே டீச்சர் கையெழுத்தில் 'நன்று'.

நான்கு மாதம் இருந்தார். நோய் மாத்திரைக்கும் கேட்கவில்லை, ஊசிக்கும் கேட்கவில்லை. கடைசியில் ஊசி குத்த நரம்பே கிடைக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும்போதே போய்விட்டார்.

அதற்கு அடுத்த வாரம் டீச்சரும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். அவருடைய மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். டீச்சர் நின்றபடியே எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். கண்ணாடி, சாயம், புத்தகத்தைப் பார்த்து வரையச் சொன்னது எல்லாம். நடுவில் நானும் என்னுடையதைச் சொன்னேன்.

கேட்டு முடித்ததும் அண்ணி டீச்சரைத்தான் பார்த்தார்.

"ரெண்டு வருஷமா வீட்டுக்கு வந்து, 'என் கை கெட்டுப்போச்சு, என் கை கெட்டுப்போச்சு'ன்னு சொல்லிச் சொல்லி அழுவாரு. நானும் ஆமான்னு நம்பி, அந்தக் கைக்குத் தைலம் தேச்சு விட்டேன்."

டீச்சர் வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டார். அண்ணி எழுந்து உள்ளே போனார். கதவை மெதுவாகத்தான் சாத்தினார். திரும்பத் திறப்பார் என்று வெயில் வாசலை விட்டு இறங்குகிறவரைக்கும் நாங்கள் இருவரும் நின்றோம். திறக்கவில்லை.