நடுக்கோட்டில் நின்றவன்

எழுபதுகளின் தொடக்கத்தில் காரிமங்கலத்தில் எங்கள் கால்பந்து அணிக்கென்று இருந்தது ஒரே ஒரு தோல் பந்து. வெளியூர் அணியோடு ஆடும்போது அதையே பந்தயமாக வைப்போம். தோற்றவர்கள் பந்தைக் கொடுத்துவிட வேண்டும். டிரா ஆனால் அவரவர் பந்து அவரவருக்கு.

பொம்மிடிக்குப் போய் அவர்களோடு ஆடிய அன்று பின்பாதியில் நாங்கள் மேட்டுப்பக்கம் தாக்கினோம். எங்கள் கோல் சரிவில் இருந்தது. ஒரு கோல் முன்னிலை வேறு, கேட்க வேண்டுமா? கார்னர் கிடைத்ததும் பந்திக்கு முந்துவதுபோல் மொத்தப்பேரும் மேலே ஓடினோம். பேக் ஆடிய நானும்தான். கோல்கீப்பர்கூட வேடிக்கை பார்க்க முன்னால் வந்துவிட்டார். அவர்கள் பந்தை ஓங்கி உதைத்தார்கள். அது சரிவில் உருண்டது. அவர்களில் ஒரே ஒருவன் துரத்திப் போய்க் காலி கோலில் தள்ளிவிட்டான். ஒன்றுக்கு ஒன்று.

எல்லோரும் கோல்கீப்பரைத் திட்டினார்கள். எனக்கோ வேறொரு சந்தேகம். அவன் எங்கிருந்து ஓடிவந்தான்? அதற்குப் பிறகு நாங்கள் தாக்கும்போதெல்லாம் பந்தை விட்டுவிட்டு அவனையே பார்த்தேன். தன் கோலைக் காக்க அவன் மேலே ஓடிவரவே இல்லை. நடுக்கோட்டில் இடுப்பில் கைவைத்து, ஆட்டத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லாதவன்போல் கல்லை எத்திக்கொண்டு நின்றான். கடலைக் கொல்லையில் பன்றி விரட்டும்போது வேலிச் சந்தில் ஓர் ஆளை நிறுத்தத் தெரிந்த எங்களுக்கு இது எப்படித் தோன்றாமல் போனது என்று வியப்பாக இருந்தது.

கடைசி நிமிடங்களில் மறுபடி கார்னர். எங்கள் கோல் மறுபடி காலி. நான் போய் அவனுக்கு இரண்டடி பின்னால், எங்கள் கோல் பக்கமாக நின்றேன்.

"ஏங்க, நீங்க மேல போவலீங்களா?" என்றான்.

"நீங்க ஏன் இங்கியே நிக்கறீங்க?"

"பந்து இங்கதானுங்க வரும்" என்று சிரித்தான்.

"டேய், அங்க என்னடா கதை பேசிக்கிட்டு நிக்கற? மேல வாடா!" என்று கேப்டன் கத்தினார். நான் நகரவில்லை. பயமாகத்தான் இருந்தது.

அவன் சொன்னபடியே பந்து வந்தது. இருவரும் ஓடினோம். அவன் என்னைவிட வேகம். ஆனால் அந்த இரண்டடி எனக்குக் கைகொடுத்தது. பந்தை ரோட்டுக்கே உதைத்தேன். ஆட்டம் முடிந்ததென்று விசில் ஊதிவிட்டார்கள்.

கேப்டன் நேராக என்னிடம் வந்தார். "நீ மட்டும் மேல வந்திருந்தா அவங்க பந்தும் நம்ம வூட்டுக்கு வந்திருக்கும்டா!" என்று பேருந்து நிறுத்தம் வரை திட்டிக்கொண்டே வந்தார். அவ்வளவு நேரமும் எங்கள் பந்தை இரண்டு கைகளாலும் வயிற்றோடு இறுக்கிப் பிடித்திருந்தார்.