இடி தந்த ஒரு கிழமை

அம்மா வீட்டு வேலைக்குக் குவைத் போகப் புறப்பட்ட நாளில் மாமாவின் காரில் இடி விழுந்தது. எனக்கு எட்டு வயது. அந்த இடியை விழுத்தியது நான்தான் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன்.

நம்பாமல் என்ன செய்ய? அப்பா செத்து ஒரு வருசம். அன்று விடிய முழுகிப்போட்டு, "காளியம்மா, அம்மாவைப் போகவிடாதையுங்கோ" என்று கும்பிட்டு வந்தனான்.

பாலையூற்று வீட்டு வாசலில் நாலு ரயருக்கும் தேசிக்காய் வைத்து நசித்துத்தான் மாமா காரை எடுத்தார். அவர் அம்மாவின் தம்பி. கொழும்பு பஸ் நாலரைக்கு. கடலோரத்துக்கு வரும்போது வானம் இருண்டு மழை கொட்டியது. ஒவ்வொரு முழக்கத்துக்கும் மாமா "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்றார். நாலாவது அர்ச்சுனா வாயில் இருக்கும்போதே கண்ணெல்லாம் வெள்ளையாகிப் போனது. பிறகு சத்தம். கார் செத்து நின்றது. றேடியோக் கம்பி உருகி, பின் ரயர் வெடித்து, ரப்பர் கருகின மணம்.

"அக்கா! பிள்ளை! உயிரோடை இருக்கிறியளோ?"

"ஓம். முதல்ல உன்ர அர்ச்சுனனை நிப்பாட்டு" என்றார் அம்மா.

ஒருவருக்கும் ஒரு கீறல் கூட இல்லை. மழை விட்டதும் மாமா ஓடிப்போய் ஓர் ஓட்டோவை மறித்து வந்தார்.

"கெதியா இறங்குங்கோ அக்கா, பஸ்ஸைப் பிடிச்சுப் போடலாம்."

அம்மா என்னை மடியில் இறுக்கிப் பிடித்தார். "கால் ரெண்டும் விறைச்சுப் போச்சுது தம்பி. எழும்ப ஏலாது."

போகவிடாதையுங்கோ என்றுதானே கேட்டனான், காலை எடுக்கச் சொன்னனானோ? "காளியம்மா, காலைத் திருப்பிக் குடுங்கோ. அம்மா போகட்டும்" என்று விக்கி விக்கிக் கும்பிட்டேன்.

ஓட்டோக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போவம் என்றார். "கொஞ்சம் இருந்தாச் சரியாகும்" என்று சொல்லி அம்மா மாமாவின் கை மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்குக் கால் வந்துவிட்டது. வீட்டுக்கு நடந்தே வந்தார்.

சகுனம் பிழை என்று பயந்த மாமா, ஏஜென்சிக்காரரிடம் கெஞ்சி ஒரு கிழமை தள்ளிப் போட்டார். அந்த ஏழு நாளும் அம்மா சீப்பெடுத்து எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டார். புட்டைக் குழைத்து வாயில் தீத்தினார். பிறகு போனார். ஆறு வருசம். திரும்பி வந்தபோது நான் என் தலையை நானே இழுக்கப் பழகியிருந்தேன். இப்போது அம்மாவும் இல்லை.

போன மாதம் மழைக்குள் காரில் போகையில், இடிக்குப் பயந்த என்னைப் பார்த்து மகன் சிரித்தான்.

"கார்ல இடி விழுந்தா வெளித் தகட்டாலையே ஓடி நிலத்துக்குப் போயிடும் அம்மா. தகட்டைத் தொடாம இருந்தா உள்ளுக்கு இருக்கிறவைக்கு ஒண்டும் செய்யாது."

"கால் விறைக்காதோ?"

"என்னத்துக்கு விறைக்கும்?"

நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்று நான் அழுது கும்பிட்டுக்கொண்டிருந்த நேரம் முழுக்க, மடியில் இருந்த என்னை அந்த இரண்டு கால்களும் மெல்ல மெல்ல ஆட்டிக்கொண்டுதான் இருந்தன.