நொட்டாங்கை மீன்

அன்னபூர்ணி நொட்டாங்கைக்காரி. கல்யாணத்துக்கு முன்னாடி அவாத்துல யாரும் இதைச் சொல்லலை. கொள்ளேகாலுக்குப் போய்ப் பொண்ணு பார்த்தோம். பாடச் சொன்னோம், பாடினா. நமஸ்காரம் பண்ணச் சொன்னோம், பண்ணினா. காப்பி டம்ளரை எந்தக் கையால நீட்டறான்னு பார்க்க எனக்குத் தோணலை. எல்லாத்தையும் நோண்டி நோண்டிக் கேட்கிற நான் அதை மட்டும் கோட்டை விட்டுட்டேன்.

நான் பாலாம்பாள். அவ ஆத்துக்காரன் ஜகதீசன் என் தம்பி, மைசூர் ரயில்வே ஆபீஸ்ல குமாஸ்தா. ஸ்டேஷனுக்குப் பின்னாடி குவார்ட்டர்ஸ்ல குடித்தனம். எனக்கு இருபத்திரண்டு வயசுல என் ஆத்துக்காரர் போயிட்டார். அதுலேர்ந்து தம்பியோடதான் இருக்கேன். இருக்கேன்னு சொல்றதைவிட அவன் ஆத்தை நான்தான் நடத்தினேன்னு சொல்லணும். எனக்கு வாய் ஜாஸ்தின்னு அக்கம்பக்கத்துல பேச்சு. அது பொய்யில்லை.

அன்னபூர்ணி வந்த மூணாம் நாள் ஜகதீசன் இலையில நொட்டாங்கையால சாதம் போட்டா. கரண்டிக் காம்பால அந்தக் கைமேல ஒண்ணு வச்சேன். அழலை. "மறந்து போயிடறது அக்கா"ன்னா. மறக்காம இருக்கட்டும்னு பூத்தொடுக்கிற நூல்ல ஒரு துண்டு கத்தரிச்சு அவ இடது மணிக்கட்டுல கட்டிவிட்டேன். ஒரு வருஷம் அதோட இருந்தா. சாதம் போடறது, காய் நறுக்கறது, கோலம் எல்லாம் வலது கைக்கு வந்துது. கோலம் மட்டும் கோணிண்டே இருந்தது. கல்யாணத்துக்கு முன்னாடி அவ எப்படிக் கோலம் போடுவான்னு நான் கேட்டதில்லை.

மத்தபடி அவகிட்ட ஒரு குத்தம் சொல்ல முடியாது. ரயில் கூவற சத்தத்தை வச்சே இது பெங்களூர் வண்டி, இது நஞ்சன்கூடு வண்டின்னு சொல்லுவா. சிரிச்சா வாயைப் பொத்திண்டு தோள் குலுங்கச் சிரிப்பா. நான் திட்டிண்டிருக்கிறப்போவே சிரிச்சுடுவா, எனக்கு இன்னும் ஆத்திரமா வரும். மூணாம் வருஷம் தர்மாம்பாள் பொறந்தா. தர்முன்னு கூப்பிடறோம். இப்போ அவளுக்குப் பதிமூணு வயசு. நான் சொல்லப் போறது அவளுக்குத் தெரியாது.

தர்முவுக்கு மூணரை வயசா இருக்கிறப்போ, தசரா கழிஞ்ச மறு வாரம், அன்னபூர்ணி இருமினா. புடவைத் தலைப்புல ரத்தம்.

என் ஆத்துக்காரர் இந்த க்ஷயத்துலதான் போனார், சாமராஜநகர்ல, ஒரே வருஷத்துல. அவர் குடிச்சு மிச்சம் வச்ச பாலை அவர் தங்கை எடுத்துக் குடிச்சா. ஏழு வயசுக் குழந்தை. அடுத்த தையில அவளும் போயிட்டா. அதனால நான் பண்ணினதைப் பைத்தியக்காரத்தனம்னு யாராவது சொன்னா எனக்குக் கோபம் வரும். திட்டறதா இருந்தா திட்டட்டும். முழுசும் கேட்டுட்டுத் திட்டட்டும்.

ஊருக்கு வெளியே இருந்த க்ஷய ஆஸ்பத்திரியில அவளைச் சேர்த்தோம். குழந்தைகள் அந்த வாசல்ல காலை வைக்கக் கூடாது. ஜகதீசன் மட்டும் ஞாயித்துக்கிழமை சைக்கிள்ல போய், வராந்தாவுல தள்ளி நின்னு பேசிட்டு வருவான். ஏழு மாசம் அவ மல்லாக்கப் படுத்தே கிடந்தா. கையைக்கூடத் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் உத்தரவு. அதுக்கப்புறம் உட்காரலாம், நாளைக்கு ஒரு மணி நேரம் சின்னதா ஏதாவது கைவேலை பண்ணலாம்னு விட்டா.

அங்கே ஒரு மங்களூர் நர்ஸ். அவதான் அன்னபூர்ணிக்கு, நூலைக் கொக்கி போட்டுப் பின்னற குரோஷா ஊசியைக் குடுத்தா. பெரிசா எதுவும் எடுத்தா மூச்சு வாங்கும், அதனால ரெண்டு நாள்ல முடியற சின்னப் பொம்மைகள். கடலோரத்துல வளர்ந்தவளுக்கு மீனும் நண்டும்தானே தெரியும். அதையே சொல்லிக் குடுத்தா. எந்தக் கையால பின்னறான்னு அந்த நர்ஸ் கேட்கலையாம். இது எனக்குப் பின்னாடிதான் தெரிஞ்சுது.

முதல்ல வந்தது ஒரு நீல மீன், உள்ளங்கை அகலம். உள்ளே இலவம்பஞ்சு, கண்ணுக்குக் கறுப்பு நூல்ல முடிச்சு. ஜகதீசன் அதைக் காகிதத்துல சுத்திக் கொண்டு வந்து, "தர்முவுக்கு. வெந்நீர்ல கொதிக்க வச்சு வெயில்ல காயப் போட்டா தோஷமில்லைன்னு டாக்டர் சொன்னார்"னு என்கிட்ட குடுத்துட்டுக் குளிக்கப் போனான். நான் இடுக்கியால எடுத்துண்டு போய் வெந்நீர் அடுப்புல போட்டேன். யோசிக்கவே இல்லை. டாக்டர் சொல்லுவார், என் ஆத்துக்காரருக்கும் ஒரு டாக்டர் எல்லாம் சரியாப் போயிடும்னுதான் சொன்னார்.

அடுத்த ஞாயித்துக்கிழமை ஜகதீசன் வந்து, "தர்மு மீனுக்கு என்ன பேர் வச்சிருக்கான்னு அன்னபூர்ணி கேட்கிறா. எங்கே அந்த மீன்?"னான். "வெயில்ல கிடக்கு, இன்னும் ஈரம் போகலை"ன்னு சொல்லிட்டேன்.

பக்கத்து வீட்டு ரயில் கார்டு பெண்டாட்டி கௌரம்மா மிஷன் பள்ளிக்கூடத்துல படிச்சவ. அவகிட்ட போனேன். "குரோஷாவுல ஒரு மீன் பண்ணணும்"னேன். அவ என்னை மேலும் கீழும் பார்த்தா. பூணூல்காராத்து விதவைக்கு மீன் எதுக்குன்னு நினைச்சிருப்பா. "மச்சாவதாரம், கொலுவுக்கு"ன்னு ஒரு போடு போட்டேன். அவ சிரிச்சுண்டே, சின்னக் குழந்தைகளுக்கு மொதல் நாள் சொல்லிக் குடுக்கறது இது, ஒரு மத்தியானம் போதும்னு கன்னடத்துல சொன்னா. மூக்குக்கு ஆறு கண்ணி. அடுத்த சுத்துல பன்னெண்டு. அப்படியே பெருக்கிண்டு போய், வயிறு வந்ததும் பஞ்சை அடைச்சு, குறைச்சுண்டே வந்து வாலை வைக்கணும். எனக்கு ஒரு மத்தியானம் போறலை, மூணு ஆச்சு. நாலாம் நாள் தர்மு கையில ஒரு நீல மீனைக் குடுத்து, "உங்கம்மா பண்ணி அனுப்பினது"ன்னேன்.

அந்தக் குழந்தை அதை வாங்கிண்ட விதத்தை என்னால மறக்க முடியாது. ஏழு மாசமா அம்மா எங்கேன்னு கேட்டுக் கேட்டு, கேட்கறதையே நிறுத்தியிருந்தா. மீனைக் கன்னத்துல வச்சுண்டு, "அம்மா கையால பண்ணினதா?"ன்னா. ஆமாம்னேன். அதுக்கு ரங்குன்னு பேர் வச்சா.

அப்புறம் ஆமை, நண்டு, நட்சத்திர மீன்னு வந்துண்டே இருந்தது. எட்டுக்கால் வச்ச ஒண்ணு வந்துது. ஆக்டோபஸ்னு ஜகதீசன் சொன்னான். "மீன் மச்சம், ஆமை கூர்மம். இது எந்த அவதாரம்டா?"ன்னு கேட்டேன். அவனுக்கே சிரிப்பு வந்துடுத்து. ஒவ்வொண்ணும் வந்ததும் வெந்நீர் போடற உள்ளுல செங்கல் மேல வைப்பேன். ரெண்டு முழம் தள்ளி உட்கார்ந்துண்டு, இடுக்கியால திருப்பித் திருப்பிப் பார்த்து, அதே நிறத்துல அதே மாதிரி ஒண்ணு பின்னுவேன். பின்னி முடிச்சதும் அன்னபூர்ணியோடதை அடுப்புல போடுவேன். எட்டு மாசத்துல பத்தொன்பது.

தர்முவுக்கு ஒரு பழக்கம் வந்தது. படுத்துண்டதும் ரங்குவோட மூக்குல ஆள்காட்டி விரலை வச்சு, வரி வரியா சுத்திண்டே போவா. வால்கிட்ட வரதுக்குள்ள தூங்கிடுவா. "இப்படிச் சுத்திண்டே போனா அம்மாகிட்ட போயிடலாம் அத்தை"ம்பா. நான் முகத்தைத் திருப்பிப்பேன்.

சங்கராந்திக்கு நாலு நாள் முன்னாடி அன்னபூர்ணியை அனுப்பிட்டா. சளியில ஒண்ணும் இல்லை, எக்ஸ்ரே படத்துலயும் ஒண்ணும் இல்லை, வீட்டுக்குப் போகலாம்னு எழுதியே குடுத்துட்டா. ஜட்காவுலேர்ந்து இறங்கினப்போ எனக்கு அடையாளம் தெரியலை, உடம்பு அவ்வளவு பூசியிருந்தா. தர்மு என் புடவைக்குப் பின்னாடி ஒளிஞ்சுண்டா. பதினஞ்சு மாசம் ஆச்சே. கொஞ்ச நேரம் பார்த்துட்டு, உள்ளே ஓடிப் போய்க் கூடையோட வந்தா. எல்லாத்தையும் அம்மா காலடியில கொட்டி, "இதெல்லாம் நீ பண்ணினது. இது ரங்கு"ன்னா.

அன்னபூர்ணி கண்ணெல்லாம் தண்ணியா மீனை எடுத்தா. கட்டை விரல் மூக்குலேர்ந்து வரியோட போச்சு, பாதியில நின்னுது. திரும்ப மூக்குலேர்ந்து தடவிப் பார்த்தா. ஆமையை எடுத்தா. நண்டை எடுத்தா. அப்புறம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தா. ஜகதீசன் பக்கத்துல நின்னுண்டிருந்தான், அவனுக்கு ஒண்ணும் புரியலை. "ரங்கு நல்ல பேர்"னு குழந்தைகிட்ட சொன்னா.

மறுநாள் கொல்லையில துணி உலர்த்திண்டிருந்தேன். வந்து நின்னா.

"அக்கா, என்னோடது எங்கே?"

எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டேன். அவ இடது கையை நீட்டிக் காட்டினா. "நான் இதால பின்னினேன். என்னோட சுத்து ஒரு பக்கமாப் போகும், வலது கையால பின்னினா எதிர்ப்பக்கமாப் போகும். என்னோடது எங்கே அக்கா?"

எரிச்சுட்டேன்னு சொன்னேன். எதுக்குன்னும் சொன்னேன், அந்த ஏழு வயசுக் குழந்தையைப் பத்தியும் சொன்னேன்.

"எல்லாமா?"

"எல்லாம்."

அப்புறம் சொன்னா. "நர்ஸ் ஒவ்வொண்ணையும் கொதிக்கிற தண்ணியில போட்டு, மூணு நாள் வெயில்ல காய வச்சப்புறம்தான் இவர்கிட்டக் குடுப்பா. பின்னறப்போ மூக்கையும் வாயையும் துணியால கட்டிப்பேன். ஒண்ணுக்குக்கூட முத்தம் குடுத்து அனுப்பலை அக்கா. குடுக்கணும்னு இருக்கும். குடுக்கலை."

என்னைத் திட்டியிருந்தா பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். எனக்கு அதுதான் தெரியும். அவ ஈரத்துணியை வாங்கி ஒரு ஓரத்தைப் பிடிச்சு உதறினா. மறு ஓரத்தை நான் பிடிச்சுண்டேன்.

சங்கராந்தி கழிஞ்சு ரெண்டு நாள். மத்தியானம், ஜகதீசன் ஆபீஸ்ல. தர்முவுக்கு அம்மாகிட்ட இன்னும் கூச்சம் போகலை, பசிச்சாலும் என்கிட்டதான் வருவா. அன்னிக்கு அவளே போய், "அம்மா, ரங்குவுக்கு ஒரு தம்பி பண்ணு. நான் பார்க்கணும்"னா. அன்னபூர்ணி முகம் அப்படி மலர்ந்துது. நூலை எடுத்துண்டு உட்கார்ந்தா. இடது கையால ஊசியைப் பிடிச்சா. நான் அரிசி புடைச்சுண்டு பார்த்துண்டிருந்தேன், வாயைத் திறக்கலை. அம்மாடி, அந்தக் கை போன வேகம். ஏழெட்டு வருஷத்துல அந்தக் கை வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. நான் மூணு நாள் மல்லுக்கட்டின மீன், காப்பி வேளைக்குள்ள முடிஞ்சு போச்சு. கண்ணிகள் மணி மணியா இருந்தது.

தர்மு வாங்கி, மூக்குல விரலை வச்சு, சுத்த ஆரம்பிச்சா. விரல் வழி தவறித்து. மறுபடி வச்சா. ரங்குவை எடுத்துத் தடவினா, புதுசைத் தடவினா.

"இது எதிர்ப்பக்கமாப் போறது"ன்னா. புது மீனைத் தரையில வச்சுட்டா. "இது எங்கம்மா பண்ற மாதிரி இல்லை."

முறத்தைக் கீழே வச்சுட்டேன். "தர்மு, இங்கே வா, நான் ஒண்ணு சொல்றேன்"னேன். நிஜமாவே சொல்லிடணும்னுதான் கூப்பிட்டேன்.

"வேண்டாம் அக்கா"ன்னு அன்னபூர்ணி தடுத்தா. கிட்ட நகர்ந்து வந்து, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னா. "எட்டு மாசமா அவளுக்கு அம்மான்னு இருந்தது அந்த மீன்தான். அதையும் நான் பண்ணலைன்னு சொல்லிட்டா, நான் இன்னும் தூரப் போயிடுவேன்."

புது மீனை எடுத்து மடியில வச்சுண்டா. நூல்கண்டுலேர்ந்து ஒரு சாண் நூலைப் பல்லால கடிச்சு எடுத்தா. அதை என்கிட்ட குடுத்துட்டு, இடது கையை நீட்டினா.

"வலது கையால வேலை பண்ணி ரொம்ப நாள் ஆச்சு, மறந்து போயிடும். கட்டிவிடுங்கோ அக்கா."

எனக்கு முடியலை. இருந்தும் கட்டினேன். முடிச்சு ரெண்டு தடவை நழுவித்து. அன்னபூர்ணி ஊசியை எடுத்து முதல் கண்ணியைப் போட்டா, அது வரலை, பிரிச்சா. தர்மு அவ பக்கத்துல நகர்ந்து உட்கார்ந்து, "அந்தக் கை இல்லைம்மா, இந்தக் கை"ன்னு சொல்லிக் குடுத்துண்டிருந்தா.